வேலூர் வெயிலில் காகிதக்கூழ்க் கூடை: ஊறவைப்பது முதல் வண்ணம் பூசுவது வரை

வேலூருக்கு வெயிலூர் என்று இன்னொரு பெயர். பங்குனியில் ஆரம்பித்துக் கத்திரி முடியும்வரை மொட்டை மாடியில் வடகம், வற்றல், மிளகாய் எதைப் பரப்பினாலும் இரண்டு மூன்று நாளில் சுக்காகக் காய்ந்துவிடும். அந்த மாடியில் ஒரு ஓரம் ஒதுக்கினால் போதும். கட்டிப் போட்டிருக்கும் பழைய செய்தித்தாளும் 100 கிராம் வெந்தயமும் பல வருஷம் உழைக்கும் கூடைகளாகிவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் கோடை விடுமுறைக் காலத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து செய்துவந்த வேலை இது. வெங்காயம், பூண்டு, புளி, வற்றல் வைக்க இதைவிட நல்ல கூடை கிடையாது. பிளாஸ்டிக் டப்பாவில் வியர்த்து அழுகும் பூண்டு, காகிதக்கூழ்க் கூடையில் காய்ந்தபடி கிடக்கும். கூழ்ச்சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும்.

இந்த வேலையில் கைவேலை பாதி, காய்ச்சல் பாதி. கெட்டுப்போகும் கூடைகளில் பெரும்பாலானவை தட்டும்போது கெடுவதில்லை, காயும்போதுதான் கெடுகின்றன. அதனால் மற்றப் படிகளைவிடக் காயவைப்பதற்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

என்னென்ன வேண்டும்

பழைய செய்தித்தாள் 1 கிலோ, வெந்தயம் 100 கிராம், மஞ்சள்தூள் 2 தேக்கரண்டி, பழைய பருத்தி வேட்டி ஒன்று, அச்சுக்கு ஒரு பேசின் அல்லது குண்டான், ஒரு பிளாஸ்டிக் வாளி. இந்த அளவுக்குச் சுமார் 25 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள இரண்டு கூடைகள் வரும். மிச்சக் கூழில் ஒரு சின்னக் கிண்ணம் தட்டலாம்.

தாளைப் பார்த்து எடுங்கள். சாதாரண செய்தித்தாளும் எழுதித் தீர்ந்த நோட்டுத் தாளும் நன்றாகக் கரையும். வழவழப்பான இதழ் அட்டை, இணைப்பு மலர், ஜவுளிக்கடை விளம்பரத் தாள் இவற்றை ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் மேல் ஏற்றியிருக்கும் பூச்சு நார் பிரிவதைத் தடுக்கும், எவ்வளவு அரைத்தாலும் கூழில் திப்பி திப்பியாக நிற்கும். முட்டை அடுக்கி வரும் அட்டை கிடைத்தால் விடாதீர்கள். அதுவே காகிதக்கூழில் வார்த்தது என்பதால் ஒரே நாளில் ஊறிவிடும்.

ஊறவைத்தல்

தாளைத் தபால்தலை அளவுக்குக் கிழியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்த விளிம்பில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நார்தான் பின்னால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கூடைக்குப் பலம் தருகிறது. கத்தரித்த விளிம்பு மழுங்கலாக நின்றுவிடும்.

வாளியில் போட்டு, தாள் மூழ்கி நாலு விரல் மேலே நிற்கும்படி கொதிநீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் என்றால் மூன்று நாள், கொதிநீர் என்றால் ஒன்றரை நாள். தினமும் ஒருமுறை தண்ணீரை வடித்து மாற்றவேண்டும். சித்திரை வெயிலில் ஒரு நாள் மாற்றாமல் விட்டாலும் வாளி புளித்து நாற்றம் எடுக்கும், அந்த வாடை காய்ந்த கூடையிலும் நிற்கும். ஒரு துண்டை எடுத்து இரு விரலால் நசுக்கினால் எழுத்து தெரியாமல் களியாகப் போகவேண்டும். அதுதான் பதம்.

வடிக்கும் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நார் குழாய் வளைவில் தங்கி அடைத்துக்கொள்ளும். துணி வழியாக வடிகட்டி வாசல் மரத்தடியில் ஊற்றிவிடுங்கள்.

அரைத்தலும் வெந்தயமும்

கல்லுரல் இருக்கிற வீட்டில் இடிப்பதுதான் முதல்தரம். இடித்த கூழில் நார் நீளமாக நிற்கும். உரல் இல்லாதவர்கள் பழைய மிக்சி ஜாரில் ஒரு கைப்பிடித் தாளுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி பத்து விநாடி ஓட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் நார் கத்தியில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறும். இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரை இதற்குத் தொடாதீர்கள். அச்சு மை கல்லின் துளைகளில் ஏறினால் போகாது.

அரைத்ததை வேட்டித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை பிழிந்தால் போதும். 1 கிலோ தாள் பிழிந்த நிலையில் கிட்டத்தட்ட 3 கிலோ கூழாகும். மிச்சம் அவ்வளவும் தண்ணீர்தான், அதை வெளியேற்றுவதுதான் வெயிலின் வேலை. இறுக்கிப் பிழிந்தால் ஒரு நாள் காய்ச்சல் மிச்சம்.

100 கிராம் வெந்தயத்தை முந்தின இரவே ஊறவைத்து, ஊறின தண்ணீரையே விட்டு நுரைக்க நுரைக்க அரைக்கவேண்டும். இட்லிக்கு உளுந்து அரைப்பதுபோல் பொங்கி வரும். வெந்தயத்தின் வழவழப்பு ஒரு பசை, காய்ந்ததும் நாரையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதன் கசப்புக்குப் பூச்சி வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிழிந்த கூழை உதிர்த்து, அரைத்த வெந்தயமும் மஞ்சள்தூளும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பிசைவதுபோல் கால் மணி நேரம் பிசையுங்கள். ஒரு உருண்டை பிடித்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் வெந்தயத் தண்ணீர் கொஞ்சம் தெளிக்கவேண்டும், கையோடு வழிந்தால் இன்னும் பிழியவேண்டும்.

புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அது விஷம். வெங்காயமும் புளியும் வைக்கப்போகிற கூடைக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

வேலை பாதியில் நின்றுபோனால் கூழைக் கவரில் கட்டிப் பிரிட்ஜில் வைக்கலாம், மூன்று நாள் தாங்கும். அதற்கு மேலானால் எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டிக் காயவைத்துவிடுங்கள். வேண்டும்போது தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும்.

அச்சு

கவிழ்த்து வைக்கும்போது அடி குறுகி, வாய் அகன்றிருக்கும் பாத்திரம் எதுவும் அச்சாகும். பிளாஸ்டிக் பேசின், அலுமினியக் குண்டான், அன்னக்கூடை எல்லாம் சரி. குடம் என்றால் அதன் வயிற்றைத் தாண்டி வாய்ப்பக்கம் கூழ் போகக்கூடாது, போனால் கூடையைக் கழற்ற முடியாது. மெருகு பூசாத மண்சட்டி எல்லாவற்றையும்விட நல்லது. சட்டியே கூழின் ஈரத்தைக் குடித்துக்கொள்வதால் உள்பக்கமும் சேர்ந்து காயும். கரிகிரிப் பக்கத்து மெருகேற்றிய பாண்டங்கள் பார்க்க அழகு, ஆனால் அவை ஈரம் குடிக்காது. அவற்றை அச்சாக்குவதில் எவர்சில்வரைவிடப் பெரிய லாபம் இல்லை.

கூழை அச்சின் வெளியே தட்டலாம், உள்ளேயும் தட்டலாம். இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கூழ் காயக் காயச் சுருங்கும். உள்ளே தட்டினால் சுருங்கி அச்சிலிருந்து தானே விலகி வரும், ஆனால் கூடையின் உள்பக்கத்துக்குக் காற்றுப் போகாமல் காய்ச்சல் தாமதமாகும், வடிவமும் அடிக்கடி சரியும். வெளியே தட்டினால் வடிவம் அழகாக நிற்கும், ஆனால் சுருங்கும்போது அச்சை இறுகப் பிடித்துக்கொண்டு வெடிக்கும். முதல்முறை செய்கிறவர்களுக்கும் வெளியே தட்டுவதையே சொல்வோம். அரைக்காய்ச்சலில் கழற்றிவிட்டால் அந்த வெடிப்பு வராது.

அச்சைக் கவிழ்த்து, நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியை ஒற்றையாகப் போர்த்தி, வாய்ப்பக்கம் கயிற்றால் கட்டுங்கள். துணியின் மடிப்புகளை ஒரே இடத்தில் சேர விடாமல் சுற்றிலும் பரப்பி விடவேண்டும். தடித்த மடிப்பு இருக்கிற இடத்தில் கூடைச் சுவர் மெலிந்து, பின்னால் அங்கேதான் உடையும்.

தட்டுதல்

ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து நுனியிலிருந்து 8 மி.மீ. தூரத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதுதான் அளவுகோல். கூழில் குத்தினால் துணியில் முட்டும்போது கோடு மட்டமாக நிற்கவேண்டும். கண்ணுக்கு எல்லா இடமும் ஒரே கனமாகத்தான் தெரியும், ஈர்க்கு வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 5, ஒரு பக்கம் 12 என்று இருக்கும். கனம் மாறுகிற இடத்தில்தான் காய்ச்சலும் மாறும், வெடிப்பும் அங்கேதான் விழும்.

வடை அளவு கூழை உள்ளங்கையில் தட்டி, அச்சின் அடி நடுவில் வையுங்கள். அடுத்ததை அதன் ஓரத்தின்மேல் ஒரு விரல் ஏறும்படி வைத்து, இணைப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக் கலந்துவிடுங்கள். சும்மா பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் காய்ந்ததும் ஓடு ஓடாகப் பிரியும். அடி 1 செ.மீ., சுவர் 8 மி.மீ., வாய் விளிம்பு 12 மி.மீ. கனம் இருக்கட்டும். கூடையைத் தூக்கும்போது விசை முழுவதும் விளிம்பில்தான் விழுகிறது.

முழுவதும் மூடியபின் வெந்தயத் தண்ணீரில் நனைத்த கரண்டியின் முதுகால் அடியிலிருந்து வாய்நோக்கி அழுத்தித் தேய்க்கவேண்டும். கடைசியாக ஒரு காய்ந்த துண்டைப் போர்த்தி, இரு கையாலும் அணைத்து அழுத்துங்கள். துண்டு நனைந்துவிடும், கூடை இறுகிவிடும்.

காய்ச்சல்

சித்திரை வெயிலில் தட்டின கூடையை நேராகக் கொண்டுபோய் மாடியில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். மேல்தோல் இரண்டு மணி நேரத்தில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், அடியில் அச்சு விட்டுக்கொடுக்காது. மதியத்துக்குள் வாயிலிருந்து அடிவரை கோடு விழுந்துவிடும்.

முதல் நாள் முழுக்க நிழல். திண்ணை, மாடிப்படி வளைவு, காற்றோட்டமான வராந்தா எதுவும் சரி. காற்று இல்லை என்றால் மின்விசிறிக் காற்றே போதும்.

இரண்டாம் நாள் காலை 10 மணிவரை வெயில், பிறகு நிழல், மாலை 4 மணிக்கு மேல் மறுபடி வெயில். அன்று சாயங்காலம் விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாது, ஆனால் நகத்தால் அழுத்தினால் தடம் பதியும். அரைக்காய்ச்சல் என்பது இதுதான், பாதி காய்ந்த அப்பளத்தின் பதம். கட்டின கயிற்றை அவிழ்த்து, அச்சோடு நிமிர்த்தி, துணியின் ஓரங்களைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் அச்சும் துணியும் கூடையைவிட்டு வெளியே வரும். துணி ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டால் வலிக்காதீர்கள். அந்த இடத்தில் உள்ளிருந்து தண்ணீர் தொட்டு ஐந்து நிமிஷம் விட்டால் விட்டுவிடும். வாய் கோணியிருந்தால் கையால் வட்டமாக்க இதுதான் கடைசி வாய்ப்பு. பிடி வைக்கிறதாக இருந்தால் துளைகளையும் இப்போதே போடவேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து முழு வெயில். வாயை மேலே வைத்து இரண்டு மணி நேரம், கவிழ்த்து இரண்டு மணி நேரம் என்று மாற்றுங்கள். கொதிக்கிற தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேலோ கயிற்றுக் கட்டில் மேலோ வைத்தால் அடியிலும் காற்றுப் போகும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்துவிடவேண்டும், கோடை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

காய்ந்ததா என்று பார்க்க மூன்று வழி. விரல் கணுவால் தட்டினால் மந்தமான ஓசை போய் டொக் டொக் என்று கேட்கும். நிழலில் அரை மணி வைத்த கூடையைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கக்கூடாது, சில்லென்றால் உள்ளே ஈரம் உண்டு. மிக நம்பகமானது தராசு: இரண்டு நாள் சாயங்காலம் எடை ஒன்றாக இருந்தால் காய்ச்சல் முடிந்தது. கோடையில் எல்லாம் சேர்த்து நாலைந்து நாள் ஆகும், ஆடி ஆவணியில் ஒரு வாரத்துக்குக் குறையாது. ஐப்பசி கார்த்திகையில் தொடங்காதீர்கள். அடைமழையில் கூழ் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

மெல்லிய வெடிப்பு விழுந்தால் கூடையைத் தூக்கிப் போடவேண்டாம். மிச்சக் கூழில் இரண்டு பங்கு வெந்தய விழுது சேர்த்து இளக்கமாக்குங்கள். வெடிப்பின் இரு ஓரத்தையும் முதலில் நன்றாக நனையுங்கள். நனைக்காவிட்டால் காய்ந்த சுவர் புதுக்கூழின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டுப்போட்டது மறுநாளே உதிரும். உள்ளும் புறமும் அழுத்தி அடைத்து, அந்த ஒட்டையும் முதல் நாள் நிழலிலேயே காயவையுங்கள். மேலாக வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் துடைத்துவிட்டு வெயிலில் போடலாம். கறுப்புப் புள்ளி சுவருக்குள்ளேயே இறங்கியிருந்தால் அந்தக் கூடையில் சாப்பாட்டுப் பொருள் வைக்கவேண்டாம்.

பிடியும் மேல்பூச்சும்

ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கம் தோல்வேலை செய்கிறவர்கள் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் வெட்டுத் துண்டுகள் கேட்டு வாங்குங்கள். 2.5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் ஒரு கூடைக்குப் போதும். விளிம்பிலிருந்து 4 செ.மீ. கீழே, 10 செ.மீ. இடைவெளியில் அரைக்காய்ச்சலில் போட்ட துளைகள் வழியாகப் பட்டையை உள்ளே நுழைத்து, உள்பக்கம் ஒரு சின்ன அட்டைத் துண்டோடு சேர்த்துத் தடித்த நூலால் தைத்து முடியவேண்டும். அட்டை இல்லாவிட்டால் நூல் கூழை அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

மேற்பரப்பை 80 எண் உப்புத்தாளாலும் பிறகு 120 எண்ணாலும் தேயுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து. அடுத்தது மைதாப் பசை. 50 கிராம் மைதாவை 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற 300 மி.லி. தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடியாகும்வரை கிளறுங்கள். கால் தேக்கரண்டி படிகாரத் தூள் போட்டால் சீக்கிரம் புளிக்காது. எழுதாத வெள்ளைத் தாளை இரண்டு விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, இந்தப் பசையால் உள்ளும் புறமும் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். மை படிந்த கூழ் பொருளின்மேல் படாது, வண்ணமும் ஒரே சீராக ஏறும்.

வண்ணத்துக்குச் சுவருக்கு அடித்து மிஞ்சின எமல்ஷன் போதும். காவி நிறத்தில் இரண்டு கை அடித்து, காய்ந்தபின் வெள்ளையில் புள்ளிக்கோலம் போட்டால் செம்மண் பூசின வாசல் மாதிரி இருக்கும். வாசலில் கோலம் போடுகிற கைக்கு இது கஷ்டமே இல்லை. வெளிப்பக்கம் மட்டும் வார்னிஷ் ஒரு கை. உள்பக்கம் வார்னிஷ் அடித்தால் கூடை ஈரம் குடிக்கும் குணம் போய்விடும், பிறகு பிளாஸ்டிக் டப்பாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கழுவின காய், ஈரக் கீரை, சமைத்த பண்டம் எதையும் இதில் வைக்கக்கூடாது. மண்தரையிலும் வைக்காதீர்கள், கரையானுக்குக் காகிதம் விருந்து. அலமாரியில் இருந்தால் ராமபாணப் பூச்சிதான் எதிரி, வருஷத்துக்கு இரண்டு தடவை வெயில் காட்டினால் அண்டாது.

மிச்சக் கூழில் முறம் மெழுகலாம்

மூங்கில் முறத்தின் இடுக்குகளில் கேழ்வரகும் கடுகும் ஒழுகினால், இதே கூழை வெந்தயத் தண்ணீர் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, கையால் இழைகளுக்குள் தேய்த்து மெழுகவேண்டும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. மூங்கிலே ஈரத்தை வாங்கிக்கொள்வதால் இதற்கு முதல் நாளே வெயில் காட்டலாம். தானியம் படுகிற பொருள் என்பதால் இதற்கு மட்டும் செய்தித்தாளுக்குப் பதில் எழுதாத வெள்ளைத் தாளில் கூழ் அரைத்துக்கொள்வது நல்லது.

கூடை காயும் நாட்களில் ஒரு லுங்கி மிதியடி

குடியாத்தம் லுங்கி பல வருஷம் கட்டினபிறகும் ஓரங்களில் நெசவு திடமாகவே இருக்கும். 2 மீட்டர் நீள லுங்கி ஒன்றில் 60 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவில் ஒரு நீள்வட்ட மிதியடி வரும். நடுப்பகுதி நைந்திருந்தால் இரண்டு லுங்கி எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் விடுகிற லுங்கியைத் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்தபின் தொடங்குங்கள்.

தையலைப் பிரித்து, அகலப் பக்கத்தில் 5 செ.மீ.க்கு ஒரு வெட்டுக் கொடுத்து, நீளவாட்டில் கிழியுங்கள். நெசவு இழையோடு நேராகக் கிழியும். இரண்டு பட்டைகளை இணைக்க முடிச்சு வேண்டாம், முடிச்சு காலை உறுத்தும். இரண்டின் நுனியிலும் 2 செ.மீ. பிளவு கொடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரண்டாவது பட்டையின் மறுநுனியை இரு பிளவு வழியாகவும் கீழிருந்து இழுத்தால் கண்ணியாக மாட்டிக்கொள்ளும். மூன்று பட்டையைத் தலைப்பின்னல் போல் பின்னுங்கள். மொத்தம் 8 முதல் 10 மீட்டர் பின்னல் தேவைப்படும்.

சுருட்டத் தொடங்கும் நடுக்கோட்டின் நீளம், மிதியடியின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவது: 60-ல் 40 போக 20 செ.மீ. இந்த 20 செ.மீ.க்குப் பின்னலை நேராக வைத்து, மடக்கி, பக்கத்தில் பக்கத்தில் கோணி ஊசியால் தைத்துக்கொண்டே சுற்றுங்கள். மடங்கும் இரண்டு முனையிலும் பின்னலை இழுக்காமல் கொஞ்சம் தளர்த்தி ஊட்டவேண்டும். இழுத்துத் தைத்தால் மிதியடி தட்டுப்போல் குழியும், அளவுக்குமேல் தளர்த்தினால் பொரித்த அப்பளமாய் நெளியும். மடியில் வைத்துத் தைத்தால் இந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாது, தரையில் போட்டே தையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எங்காவது எழும்பினால் அந்தச் சுற்றைப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பதே சுலபம், கடைசியில் சரிசெய்ய முடியாது. முடிக்கும் நுனியில் மூன்று பட்டையையும் ஒன்றுக்குப்பின் ஒன்றாகக் குறைத்து வெட்டி, மெலிந்த வாலை முந்தின சுற்றின் பின்னலுக்குள் செருகித் தைத்துவிடுங்கள்.